தேர்வும் விலக்கும்

ஒரு தேசத்தில் குடியேறி வாழ வருகிறவன் அந்தத் தேசத்தின் பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் நியாயபுத்தியுள்ள எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட இந்த உண்மையைக் கைப்பிடியாகக் கொண்டு, அதற்குச் சம்பந்தமில்லாத பல காரியங்களையும் நியாயப்படுத்திவிடலாம் என்று கருதுகிறவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். நெதர்லாந்து தேசத்தின் ஒருங்கிணைப்புத் தேர்வைப் புகழ்ந்து பேசுவது நம்மவரிடையேயும் ஒரு மோஸ்தராகி வருகிறது. பாஷாபிமானமுள்ள சர்க்கார் என்றால் அப்படியல்லவா இருக்கவேண்டும், வந்தவன் எவனானாலும் படித்துத் தேறினால்தானே அங்கே வாசல் திறக்கிறது என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். 'எல்லோருக்கும் ஒரே விதி' என்பதுதான் இவர்களுடைய வாதத்தின் உயிர்நாடி. அந்த விதி எல்லோருக்கும் உரியதாக ஒரு நாளும் இருந்ததில்லை என்பதே என் கட்சி.

கொடுக்கவேண்டிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1964-இல் துருக்கியோடும் 1969-இல் மொராக்கோவோடும் ஒப்பந்தம் செய்து ஆட்களை வரவழைத்த டச்சு சர்க்கார், அவர்கள் சில வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் அவர்களுக்கு டச்சு மொழியைச் சொல்லித்தர மெனக்கெடவில்லை; அவர்களோ திரும்பவில்லை; மனைவி மக்களும் வந்து சேர்ந்தார்கள்; வைத்தியரிடம் தாயின் நோயைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய அவலம் பல குடும்பங்களில் ஏற்பட்டது. அந்த அலட்சியத்தோடு ஒப்பிட்டால், புதிதாக வந்தவர்களுக்கு வகுப்புகளை ஏற்படுத்திய 1998-ஆம் வருஷத்துச் சட்டம் எவ்வளவோ மேல். 2022-இல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் பொறுப்பை மறுபடி நகரசபைகளிடம் ஒப்படைத்து, ஏட்டுப் படிப்பு எளிதில் ஏறாதவர்களுக்காக 800 மணி நேர மொழி வகுப்பும் 800 மணி நேரம் வெளியுலகில் பழகும் பயிற்சியும் கொண்ட தனி வழியை வகுத்திருக்கிறது. பாராட்டத்தக்கது இவ்வளவே.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவே கழிந்த கால் நூற்றாண்டில்தான் தேர்வின் சுபாவம் தெரியவருகிறது. 2002-இல் அரசியல்வாதி பிம் ஃபோர்டைனும் 2004-இல் திரைப்பட இயக்குநர் தியோ வான் கோக்கும் கொலையுண்ட பிறகு அந்நாட்டு ஜனங்களின் அபிப்பிராயம் குடியேறியவர்களுக்கு எதிராக எப்படித் திரும்பிற்று என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஃபோர்டைனைக் கொன்றவன் ஒரு டச்சுக்காரன்தான் என்ற விஷயம்கூட அந்தக் கோபத்துக்குத் தடையாக நிற்கவில்லை. பார்லிமென்டே நியமித்த, ஸ்டெஃப் பிளாக் தலைமையிலான விசாரணைக் குழு, வந்தேறிகளில் பலருடைய ஒருங்கிணைப்பு முழுமையாகவோ பகுதியாகவோ வெற்றி பெற்றிருக்கிறது என்று 2004 ஜனவரியில் அறிக்கை கொடுத்தபோது, அரசியல்வாதிகள் அதைப் பொறுமையாகப் படித்துப் பார்க்கவும் மனமின்றி ஒதுக்கித் தள்ளினார்கள். ஆராய்ச்சியின் முடிவு வேண்டாம், நடவடிக்கைதான் வேண்டும் என்ற அந்த மனோநிலையிலேதான், 2006 மார்ச்சில், வெளிநாட்டிலேயே எழுதித் தேறவேண்டிய தேர்வு பிறந்தது.

அந்தத் தேர்வு ஆரம்ப வருஷங்களில் நடந்த விதத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ராபாத்திலோ அங்காராவிலோ உள்ள டச்சு ஸ்தானிகராலயத்தின் ஓர் அறையில், கணவனிடம் போய்ச்சேர விரும்பும் ஒரு பெண் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மறுமுனையில் மனிதர் யாரும் இல்லை. பதிவு செய்த குரல் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறது. அவள் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஒரு சொல்லைச் சொல்கிறது. அதற்கு எதிர்ச்சொல் கூறவேண்டும். அவளுடைய உச்சரிப்பை எடைபோட்டு மதிப்பெண் போடுவது கணினி. இதற்குமுன் நெதர்லாந்து சமூகத்தைப் பற்றிய 30 கேள்விகளுக்கு அவள் விடை சொல்லியாக வேண்டும். அக்கேள்விகளுக்குத் தயாராவதற்காக விற்கப்பட்ட திரைப்படத்தில் கடற்கரையில் மேலாடையில்லாத பெண்ணும், முத்தமிட்டுக்கொள்ளும் இரண்டு ஆண்களும் காட்டப்பட்டார்கள். அத்தகைய காட்சிகள் தடைசெய்யப்பட்ட நாடுகளுக்கென்று அவை நீங்கிய பிரதி ஒன்றும் தனியே தயாராயிற்று. இத்தனைக்கும் மேலாக, வெளிநாட்டில் டச்சு மொழியைக் கற்பிக்கச் சர்க்கார் ஒரு வகுப்புகூட நடத்தவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். புத்தகத்தையும் படத்தையும் விலைக்குக் கொடுத்தது, தேர்வுக்கு 350 யூரோ வாங்கிக்கொண்டது. கற்றுக்கொள்வது அவள் பாடு.

கண்டிப்பு பாஷைப்பற்றிலிருந்து எழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாஷை தெரியாத எல்லோரிடமும் அது ஒரே மாதிரி காட்டப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? ஐரோப்பிய யூனியன் பிரஜைகளை விட்டுவிடலாம். அவர்களை நிர்ப்பந்திக்க டச்சு சர்க்காருக்கு அதிகாரம் இல்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, ஜப்பான், தென் கொரியா முதலான தேசத்தாருக்கு விலக்கு அளித்தது யாருடைய நிர்ப்பந்தத்தால்? ஓஸாகாவில் பிறந்த பெண்ணுக்கு டச்சு மொழி பிறவியிலேயே வந்துவிடுகிறதா? பொருளாதாரத்திலும் சமூக அமைப்பிலும் அரசியலிலும் அந்தத் தேசங்கள் ஐரோப்பாவுக்கு நிகரானவை என்பதே சர்க்கார் சொன்ன சமாதானம். அதாவது, பாஷை தெரிந்திருக்கிறதா என்று சோதிப்பதற்காக ஏற்பட்ட தேர்விலிருந்து, பாஷை தெரியாவிட்டாலும் பாதகமில்லை, பணக்கார தேசத்தில் பிறந்திருந்தால் போதும் என்று ஒரு வகுப்பாருக்கு விடுதலை கிடைக்கிறது. எந்தச் சட்டத்தின் அந்தரங்கமும் அதன் கட்டளைகளில் வெளிப்படுவதைவிட அதன் விலக்குகளில்தான் தெளிவாக வெளிப்படும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். இதைவிடச் சிறந்த சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

விலக்கு தேசங்களோடு நிற்கவில்லை. நெதர்லாந்தில் 'அறிவுத் தொழிலாளர்' என்று ஒரு வகுப்பார் உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் கொடுக்க ஒரு நிறுவனம் சம்மதித்தால் அவர்களுக்கு அனுமதி கிடைக்கும். வந்திருப்பது தற்காலிக வேலைக்கு என்று கருதப்படுவதால் அவர்களுக்கு ஒருங்கிணைப்புத் தேர்வு இல்லை. அவர்களோடு வரும் மனைவிக்கும் வெளிநாட்டுத் தேர்வு இல்லை. அதற்கு மாறாகச் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியில்லாமல் பெறும் சலுகை உண்டு. ஐந்தோவனிலும் ஆம்ஸ்டல்வேனிலும் நம் தமிழ் எஞ்சினீயர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். அலுவலகத்திலும் கடையிலும் வங்கியிலும் ஆங்கிலத்தைக் கொண்டே வருஷக்கணக்காகச் சௌகரியமாகக் காலம் தள்ளுகிறவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்களை ஒருங்கிணையாதவர்கள் என்று யாரும் முகஞ்சுளிப்பதில்லை. 1980-களின் நடுவில் யுத்தத்துக்குத் தப்பி அதே தேசத்தில் தஞ்சம் புகுந்த இலங்கைத் தமிழனிடத்தில் இந்தச் சகிப்புத்தன்மை காட்டப்பட்டதா? தாய்மொழி ஒன்று, டச்சு மொழி இருவருக்கும் அந்நியம். வித்தியாசம் கையிலிருந்த கடிதத்தில்தான். ஒருவரிடம் இருந்தது நியமன உத்தரவு, மற்றவரிடம் இருந்தது அடைக்கல மனு. எஞ்சினீயரும் நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை கேட்டால் தேர்வு எழுதித்தானே ஆகவேண்டும் என்று சிலர் பதில் சொல்வார்கள். மெய்தான், ஆனால் அவர் கேட்காமலே இருந்துகொண்டு அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் வேறு தேசத்துக்குப் போகலாம், அகதிக்கு அந்த இரண்டு வழியும் அடைபட்டவை. கேட்கும் சௌகரியமும் கேட்காமலிருக்கும் சௌகரியமும் உள்ளவனுக்கு விதிப்பதும், போக்கிடம் இல்லாதவனுக்கு விதிப்பதும் பெயரால் மட்டுமே ஒன்று.

நிர்ப்பந்தம் இல்லாவிட்டால் கற்கமாட்டார்கள் என்பது தேர்வைப் புகழ்கிறவர்களுடைய அடுத்த வாதம். இதையும் அந்தச் சர்க்காரே பரீட்சித்துப் பார்த்து நமக்கு விடையைத் தந்திருக்கிறது. 2013-இல் நகரசபைகளின் பொறுப்பை எடுத்துவிட்டு, பள்ளியைத் தேடிக்கொள்வதும் பணம் கட்டுவதும் மூன்று வருஷத்தில் தேறுவதும் வந்தவனுடைய சொந்தக் கடமை என்று விதித்தார்கள், கையில் பணமில்லாதவன் 10,000 யூரோ வரை சர்க்காரிடம் கடன் வாங்கலாம், தேறாவிட்டால் அபராதம். முன்தினம் வந்து இறங்கியவன், ஓர் அட்சரமும் அறியாத பாஷையில், எந்தப் பள்ளி நல்லது, எது கடன் பணத்துக்காகக் கடை விரித்தது என்று தரம் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்! நிர்ப்பந்தம் கூடிற்று, போதனை குறைந்தது, தேறியவர் தொகை வெகுவாகச் சரிந்தது. 2017-இல் அந்நாட்டுக் கணக்குத் தணிக்கை மன்றம் இந்த ஏற்பாட்டைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. 2018-இல் மந்திரி கூல்மேஸ் பழைய வழிக்கே திரும்புவதாக அறிவித்தார். கற்பிக்காமல் சோதிப்பதால் பாஷை பரவாது என்பதற்கு இதைவிட விரிவான பரிசோதனையை யாரும் செய்து காட்ட முடியாது.

இந்த அனுபவத்தின் கசப்பை ஒரே ஒரு வழக்கில் பார்த்துவிடலாம். எரித்திரியாவிலிருந்து 17 வயதில் வந்து அடைக்கலம் பெற்ற ஓர் இளைஞன், குறித்த காலத்தில் தேறாததற்காக 500 யூரோ அபராதத்துக்கு ஆளானான். படிப்புக்காக வாங்கிய 10,000 யூரோக் கடனையும் முழுவதும் திருப்பிக் கட்டும்படி உத்தரவாயிற்று. தேறியிருந்தால் கடன் தள்ளுபடியாகியிருக்கும். ஆகவே எவனுக்குப் பாஷை வரவில்லையோ அவன் தலையிலேயே கடனும் ஏறிற்று. ஐரோப்பிய நீதிமன்றம் 2025 பிப்ரவரியில், அகதிகளுக்கு இப்படி வழக்கமாக அபராதம் விதிப்பது செல்லாது, கற்க மனமில்லாமை திட்டமாக நிரூபிக்கப்பட்ட அபூர்வ சந்தர்ப்பத்தில் மட்டுமே அதற்கு இடமுண்டு என்று தீர்ப்பளித்தது. இதே நீதிமன்றம் 2015-இலேயே வெளிநாட்டுத் தேர்வின் 350 யூரோக் கட்டணமும் 110 யூரோப் புத்தக விலையும் குடும்பம் ஒன்றுசேர்வதற்கே முட்டுக்கட்டையாகும் என்று சுட்டிக்காட்டியிருந்தது. நீதிபதிகள் இரண்டு தரம் கண்ட குறை நம் புகழ்ச்சிக்காரர்களுக்கு ஒரு தரமும் புலப்படவில்லை.

பாஷை என்பது ஒருவன் தனியே அறையில் உட்கார்ந்து சம்பாதிக்கும் சொத்தல்ல. அண்டை வீட்டார் பேச்சுக் கொடுத்தால்தான் வரும். கடைக்காரர் பொறுமையாகக் காத்திருந்தால்தான் வரும். உடன் வேலை செய்கிறவர்கள் பிழையைச் சிரிக்காமல் திருத்தினால்தான் வரும். டச்சுக்காரர்களோ, எதிரே நிற்பவர் இரண்டு வார்த்தை தடுமாறினால் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடும் பழக்கமுள்ளவர்கள். உபசார புத்தியால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த உபசாரத்தால் கற்கிறவனுக்குப் பழகச் சந்தர்ப்பம் போகிறது, ஆங்கிலமும் அறியாத ஏழை நடுவில் ஊமையாகிறான். இந்தப் பழக்கத்துக்கு ஏதாவது தேர்வு உண்டா? பாதி வேலையை வந்தவனிடம் ஒப்படைத்து, மீதிப் பாதியை யாரிடமும் ஒப்படைக்காமல், காரியம் முடியவில்லையே என்று வந்தவனைக் கோபிப்பதுதான் ஒருங்கிணைப்பு என்ற பெயரில் நடப்பது.

கண்டிப்பின் அருமையை டச்சுக்காரரிடமிருந்து கற்கச் சொல்கிறவர்கள் நம் பழவேற்காட்டையும் ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம். 1610 முதல் 1825 வரை, இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காலம் போக, டச்சுக்காரர் அங்கே கோட்டை கட்டி, துணி வாங்கி, செத்துப் புதைந்தும் இருக்கிறார்கள். அங்கே பாதிரியாயிருந்த ஆபிரகாம் ரோஜரியஸ், போர்த்துக்கீசு பாஷை அறிந்த பத்மநாபன் என்ற பிராமணர் விளக்கிச் சொன்னதைக் கொண்டு நம் சமயாசாரங்களைப் பற்றி எழுதிய நூல் 1651-இல் லெய்டனில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் சுலோகங்கள் ஐரோப்பிய பாஷைக்குப் போனதும் அந்த வழியாகத்தான். நல்ல நூல்தான், ஆனால் அதற்குப் பாலம் அமைத்தது வந்தவருடைய தமிழ் அல்ல, இருந்தவருடைய போர்த்துக்கீசு. இரு நூற்றாண்டு தங்கியவர்களைத் தமிழில் எதிர்ச்சொல் சொல்லச் சொல்லி யாரும் சோதிக்கவில்லை. பலமுள்ளவன் வந்தால் ஊர் அவன் பாஷையைத் தேடுகிறது, பலமற்றவன் வந்தால் அவனை ஊர் பாஷையில் சோதிக்கிறது. ஹேக் நகரத்து டச்சு சர்க்காரின் சட்டம் இந்தப் பழைய உலக வழக்கத்துக்கு ஒரு புதிய முத்திரை குத்தியதைத் தவிர வேறொன்றும் செய்துவிடவில்லை.

இந்த மாதிரியைத் திருப்பூருக்குக் கொண்டுவர விரும்புகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பின்னலாடைத் தொழிற்சாலையில் நிற்கும் பீகார்காரனும் ஒடிசாக்காரனும் தமிழ் கற்கவேண்டும் என்று தீர்மானம் போடுவதற்கு முன்னால், பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்த மனிதன் போய் உட்காரக்கூடிய மாலை வகுப்புகள் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்; பிறகு, வேறு மாநிலத்திலிருந்து வந்து அதே ஊரில் உயர்ந்த சம்பளத்தில் இருக்கும் அதிகாரியிடமும் வங்கி மானேஜரிடமும் தமிழ் தெரியுமா என்று அதே குரலில் கேளுங்கள். வகுப்பைத் திறக்கவும் மானேஜரைக் கேட்கவும் துணிவுள்ளவர்களுக்குத் தொழிலாளியைக் கேட்க முழு உரிமை உண்டு. அந்தத் துணிவு இல்லாதவர்கள் தமிழின் பெயரைச் சொல்லாமல் ஏழையை வெறுத்துக்கொள்ளட்டும்.