தூண்டிலும் துரும்பும்

மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுவிடும். யட்டியாந்தோட்டைப் பக்கத்து லயங்களில் அப்போது கடதாசிக் கட்டு வெளியே வரும். ஆட்டம் 304. ஏழுக்குக் கீழ்ப்பட்டதை ஒதுக்கினால் மிச்சம் 32 சீட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு இனமும் சேர்ந்தால் 304. ராஜாவை ஒன்பது அடிக்கும், அதுதான் இதன் ருசி. பந்தயம் ஒரு பிளேன்டீ.

மழை விட்டு களனி கங்கை தெளிந்தால் மூங்கில் தூண்டில், மண்புழு, தக்கை. தக்கை துடித்த உடனே இழுத்தால் புழுதான் போகும். அது அமிழும்வரை பொறுக்க வேண்டும். ஆட்டத்தில் துரும்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகம் மாறாமல் இருப்பவருக்கே மீனும் படியும். இரண்டிலும் பெரிய காசு வைக்காதீர்கள். வைத்தால் பொழுதுபோக்கு வேலையாகிவிடும்.