டேங்க் தூக்கிய இரண்டு பருவங்கள்

டைவ்மாஸ்டர் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் இரண்டு கேள்வி கேட்டார்கள். சுறா இருக்குமா? சம்பளம் உண்டா? சுறா இருக்கும், ஒன்றும் செய்யாது என்றேன். சம்பளம் கிடையாது என்றதும் அம்மா சுறாவை மறந்துவிட்டார்.

பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் காலை ஆறரையிலிருந்து இருட்டும்வரை வேலை வாங்குவதைத்தான் இந்தத் தொழிலில் இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். நான் பாதியை அந்தமானின் ஹேவ்லாக்கிலும் மீதியைத் திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியிலும் முடித்தேன். டைவிங் சான்றிதழ் தரும் பேடி அமைப்பின் விதி இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். 18 வயது ஆகியிருக்க வேண்டும், ரெஸ்க்யூ டைவர் அட்டை வேண்டும், 40 டைவ் பதிவோடு சேர்ந்து குறைந்தது 60 ஆன பிறகு முடிக்கலாம். நடுவில் 400 மீட்டர் நீச்சல், 15 நிமிடம் மிதப்பு, களைத்துப்போனவரை 100 மீட்டர் இழுத்து வருவது என்று சோதனைகள். காற்றில்லாமலே பதினான்கு கிலோ இருக்கும் டேங்கை முழங்கால் தண்ணீரில் நடந்து படகேற்றுவதற்கு மட்டும் மதிப்பெண் இல்லை. நாள் முழுக்க அதைத்தான் செய்தோம்.

ஹேவ்லாக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் டைவர்கள் அல்லர், தேனிலவுக்கு வந்தவர்கள். பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. முந்தைய நாள் கப்பலில் பார்த்த விளம்பரத்தை நம்பி வந்து, 'அண்ணா, உள்ளே மூச்சு விடலாம்தானே?' என்று கேட்பார்கள். ஒருவருக்கு ஒரு பயிற்றுநர். அவர் பின்னாலிருந்து டேங்கின் வால்வைப் பிடித்தபடி கூட்டிப் போவார். பயிற்சி பெறுபவனுக்கு இடம் விருந்தினரின் முகத்துக்கு எதிரே. அங்கிருந்து குமிழிகளைப் பார்க்க வேண்டும். நிதானமாக இருப்பவரின் குமிழி கொத்தாக வரும், நிற்கும், மறுபடி வரும். பயந்தவரின் குமிழிக்கு இடைவெளியே இருக்காது. கண் விரிவதற்குப் பத்து விநாடி முன்பே குமிழி சொல்லிவிடும். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண், ஐந்து மீட்டர் ஆழத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தவர் கரை சேரும்வரை விடவில்லை. ஐந்து நகக் குறிகள் இரண்டு நாள் இருந்தன. மேலே வந்ததும் கணவரிடம், 'சூப்பரா இருந்துச்சு, நீயும் போ' என்றார்.

இந்த வேலையை மட்டமாகப் பேசும் டைவர்கள் உண்டு. கைப்பிடித்துக் கூட்டிப்போவதெல்லாம் டைவிங்கா என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பயத்தை அங்கே படித்த அளவுக்கு வேறெங்கும் படிக்க முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. தினமும் அதே ஆழம் குறைந்த பவளத்திட்டு, அதே நூறு மீட்டர், அதே முப்பது நிமிடம். கடல் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். அந்தமானும் மேற்குக்கரையின் நேத்ராணித் தீவும் ஒருசேர ஓய்ந்துபோக, பயிற்சி பெறுபவர்கள் மூட்டை கட்டுவார்கள். பெங்களூரில் வேலையை விட்டு வந்தவர்கள் பெங்களூருக்கே திரும்பி வேலை தேடுவார்கள்.

இலங்கையில் அதே காற்று தொழிலை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவ, உனவட்டுன என்று தென்மேற்குக் கரை. மே மாதம் சோழகம் (தென்மேற்குக் காற்றுக்கு அங்கே அந்தப் பெயர்) எழும்பி அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும்போது கிழக்குக் கரை அடங்கிவிடும். நிலத்தைத் தாண்டிக் கச்சான் காற்று அனலாய் வீசினாலும் நிலாவெளிக் கடல் ஏரிபோலக் கிடக்கும். சில மையங்கள் கம்ப்ரசரையும் டேங்குகளையும் லொறியில் ஏற்றித் தீவைக் குறுக்கே கடந்து வந்துவிடுகின்றன. பயிற்சி பெறுபவனும் அதே லொறியில் வரலாம். வருடம் முழுக்கக் கடல் கிடைப்பது சாதாரணச் சலுகை இல்லை.

விருந்தினர்களும் வேறு. நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள்; ஏற்கனவே சான்றிதழ் பெற்றவர்கள். கையில் சொந்த டைவ் கம்ப்யூட்டர், பதிவேட்டில் என்னைவிட அதிக டைவ். அவர்களுக்குக் கை பிடிக்க ஆள் வேண்டாம், வழி தெரிந்த ஆள் வேண்டும். முதல்முறை நான்கு பேரை நடத்திப்போனபோது நங்கூரக் கயிற்றைத் தவறவிட்டு, எங்கோ மேலே வந்தேன். வெட்கத்தோடு தலையைத் திருப்பினால் படகு பத்து அடியில் நிற்கிறது. 'தண்ணி வடக்கால இழுக்குது தம்பி. நீர் இங்கதான் வருவீர் எண்டு தெரியும்' என்றார் படகோட்டி. எங்கள் குமிழிகளை அவர் நாற்பது நிமிடமும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், கல்லில் காலூன்றி இறங்கும் குளியாளியின் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும் என்பார்கள். தன் சகோதரியை விதவையாக்க மாட்டான் என்ற கணக்கு. அந்தக் கயிறு இப்போது குமிழியாகியிருக்கிறது. இரு கரைக்கும் பொதுவாக இருந்த அந்தத் தொழிலைப் பற்றி ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

அதே கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் ஹெர்மிஸ் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். 307 பேர் இறந்தார்கள். ஆழம் 53 மீட்டர் அளவு, பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு அது சாப்பாட்டு மேசைக் கதை மட்டும்தான்.

எனக்கு நிலாவெளியில் கிடைத்த பெரிய பாடம் வகுப்பில் நடக்கவில்லை. எங்கள் கம்ப்ரசரில் டேங்க் நிரப்பக் கடலட்டை பிடிக்கும் ஆட்களும் வருவார்கள். இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிக்கத் தடை. இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். ஒரு நாளைக்கு நான்கு டேங்க், ஐந்து டேங்க், கணக்குப் பார்க்காமல் இறங்குவார்கள். அவர்களில் ஒருவர் இடது காலை இழுத்து நடந்தார். கேட்டபோது, 'மேல வந்து தேத்தண்ணி குடிக்கேக்க கால் விளங்காமப் போட்டுது' என்றார், மழை பெய்தது என்பதுபோல. உடலில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் குமிழியாகி நரம்பைத் தாக்கும் என்பதை ஹேவ்லாக்கில் அட்டவணை போட்டுப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். அந்தக் காலைப் பார்த்த பிறகுதான் மேலே வரும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதை ஒருநாளும் தவறவிடாமல் இருக்கிறேன். இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. போர்ட் பிளேரிலும் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. ஆனால் ஹேவ்லாக்கிலிருந்து அங்கே போக ஒரு கப்பல் பயணம்.

இரண்டில் எது நல்ல பயிற்சி என்று கேட்கிறவர்களுக்கு நான் தயங்காமல் நிலாவெளியைத்தான் சொல்வேன். ஒரு விஷயத்தில் மட்டும் அந்தமான் மேல். அங்கே ஜானீஸ் கார்ஜ், டிக்ஸன்ஸ் பினக்கிள் என்று டைவ் செய்யும் இடங்களுக்கு உள்ளூர்க் கரேன் டைவர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். பர்மாவிலிருந்து வந்து குடியேறிய அந்தச் சமூகத்தில் பயிற்றுநர்கள் உருவாகியிருக்கிறார்கள். நிலாவெளியில் என்னை நீரோட்டத்திலிருந்து மீட்ட படகோட்டியிடம் எந்த அட்டையும் கிடையாது. நான் நான்கு மாதத்தில் வாங்கியதை அவர் பதினொரு வருடமாகியும் வாங்கவில்லை. கட்டணமும் ஆங்கிலமும் குறுக்கே நிற்கின்றன. மையங்கள் நினைத்தால், வருடத்துக்கு ஒரு படகோட்டியையாவது தங்கள் செலவில், தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிக்கொடுத்துத் தேர்வில் உட்கார வைக்கலாம்.

இன்டர்ன்ஷிப் தேடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. எந்தக் கரையாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் கம்ப்ரசர் அறைக்குப் போய், காற்று வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். தேதி சொன்னால் சேருங்கள். 'நல்லாத்தான் ஓடுது' என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.