வீழ்தலும் உதிர்தலும்: 'வீண பூவு' தமிழாக்கச் சிக்கல்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்துக் காயிக்கரையில் 1873இல் பிறந்த குமாரன் ஆசான் 1907இல் இயற்றிய 'வீண பூவு', மண்ணில் கிடக்கும் மலர் ஒன்றைச் சொல்லோவியமாகத் தீட்டி, அதன் வழியே வாழ்வின் நிலையாமையை எண்ணும் 41 செய்யுட்களாலான சிறு காவியமாகும். மூலமொழி தமிழுக்கு மிக நெருங்கியதாக இருப்பதே இதனைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர்.

இவ்விடர் தலைப்பிலேயே தொடங்குகிறது. தமிழின் 'தாழ்ந்த', 'வாழ்ந்த' என்பன மலையாளத்தில் 'தாண', 'வாண' என அமைதல்போல 'வீழ்ந்த' என்பதும் 'வீண' என அமைகிறது. தமிழ்ச் செவியோ அதில் 'வீண்' என்பதையே கேட்கிறது. பயனற்ற பூ என்பது கவிஞரின் கருத்துக்கு முற்றிலும் மாறானது.

'உதிர்ந்த மலர்' என்பது இயல்பாக ஒலிக்கும். ஆயினும் இலையும் மயிரும் பல்லும்கூட உதிர்வனவே. பலவாக, பருவந்தோறும், எவரும் நின்று நோக்காமல் நிகழ்வது உதிர்தல். ஆசான் காட்டும் மலரோ தனியொன்று. உயர்ந்த இடத்தில் அரசியென விளங்கி அந்நிலையை இழந்தது. அரசுகளும் கோட்டைகளும் உதிர்வதில்லை, வீழ்கின்றன. ஆகவே, வழக்குக்குச் சற்று அயலாக நின்றாலும் 'வீழ்ந்த மலர்' என்பதே பொருந்தும்.

இவற்றினும் சிறந்த சொல் ஒன்று தமிழில் உண்டு. பூவின் பருவங்களுக்கு அரும்பு, முகை, மலர், வீ எனத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி, பழம்பூவைச் 'செம்மல்' என்றது. உயர்ந்தோரையும் அச்சொல்லே குறிக்கும். மேன்மையும் வாடலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது ஆசானுக்கென்றே அமைந்ததுபோலத் தோன்றும். ஆனால் இன்றைய வாசகர் 'செம்மல்' என்றால் பெரியவர் ஒருவரையே நினைப்பர், பூவை நினையார். அகராதியில் உயிர்த்திருக்கும் பொருள் செவியில் இல்லாதபோது மொழிபெயர்ப்பாளருக்கு அது உதவாது.

காவியத்தை முடித்துவைக்கும் சொல் 'கஷ்டம்'. தமிழில் இது துன்பத்தையோ கடினத்தையோ குறிக்கும் பெயர். மலையாளத்தில் அப்பொருளோடு இரக்கக் குறிப்பாகவும் வழங்குகிறது. இரு மொழியும் பேசும் திருவனந்தபுரத்துத் தமிழருக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும். பிறர் அப்படியே எழுதிவிட்டால் இறுதியடி முறையீடாகிவிடும். 'அந்தோ' எனலாம், அது இரங்கற்பாவில் மட்டும் எஞ்சிய சொல். அன்றாட வழக்கில் இதற்கு நெருங்கியது 'பாவம்' என்பதே. எனினும் 'பாவம்' என்பவர் பிறருக்கு இரங்குகிறார். ஆசானின் 'கஷ்டம்' மலரோடு, அதைப் பார்த்து நிற்பவரையும் சேர்த்துக்கொள்கிறது.