பனியாய்ப் பொழிந்த மருந்துச் சீட்டுகள்

2019 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் சுருள் மாடிகளினின்று ஆயிரக்கணக்கான மருந்துச் சீட்டுகள் பனிபோல் பொழிந்தன. கீழே சிலர் பிணங்களெனக் கிடந்தனர். நிகழ்த்தியவர் நேன் கோல்டின் என்னும் ஒளிப்படக் கலைஞர். அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் எழுதித் தந்த ஆக்ஸிகான்டின் மாத்திரைக்கே அடிமையாகி மீண்டவர் அவர்.

அம்மாத்திரையால் செல்வம் குவித்தது சாக்லர் குடும்பம். அருங்காட்சியகத்துக்குக் கொடையளித்ததும் அக்குடும்பமே. 1996-இல், மருந்து அறிமுக விழாவில், சீட்டுகள் பனிப்புயலாய்க் கொட்டும் என ரிச்சர்ட் சாக்லர் மகிழ்ந்துரைத்ததை வழக்காவணம் வெளிப்படுத்திற்று. கோல்டின் அச்சொல்லையே எடுத்துக் காற்றில் விட்டார்.

இது கலையா, கலகமா என வினவுவோர் உளர். அவ்வினா முந்தைய நிகழ்வுக்குப் பொருந்தும் என்போம். 2018 மார்ச்சில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், எகிப்தியக் கோயிலைச் சூழ்ந்த நீரில் மாத்திரைக் குப்பிகளை எறிந்தனர். குப்பியின் முகவரித்தாளே அனைத்தையும் சொல்லிவிட்டது. நம் கண்ணுக்கு வேலையில்லை. குகன்ஹைமிலோ முதலில் அழகு தெரிகிறது. தாளைக் கையிலெடுத்த பின்னரே நஞ்சு தெரிகிறது. மாத்திரையும் அந்த வரிசையில்தானே வேலை செய்கிறது!

அதே ஆண்டு இலண்டனில் முதன்முதலாகக் காட்டப்பட்ட ‘மெமரி லாஸ்ட்’ இவ்விரண்டினும் ஆழமானது. பழைய ஒளிப்படங்கள், தொலைபேசிப் பதிவுக் கருவியில் எஞ்சிய குரல்கள், மிகா லெவியின் இசை ஆகியவற்றால் ஆனது. இங்குக் குற்றம் சாட்டும் விரல் இல்லை. படங்கள் மங்கலானவை, வெறும் அறைகள், கலைந்த படுக்கைகள், அடையாளம் காணவியலா முகங்கள். குரல்களோ தெளிவாய் ஒலிக்கின்றன. அழைப்பவர் காத்திருக்கிறார், எடுப்பார் இல்லை. அடிமைத்தனம் ஒருவரை வீட்டினின்று அகற்றுவதற்கு முன்பே நினைவினின்று அகற்றிவிடுவதை வேறெப்படிக் காட்டுவது?

உடன் வைக்கப்பட்ட ‘சைரன்ஸ்’ பிறருடைய திரைப்படத் துண்டுகளால் போதையின் இன்பத்தைக் காட்டுகிறது. சிலருக்கு இது நெருடலாம். நம் பள்ளிச் சுவர்களில் வரையும் மண்டையோட்டைக் கண்டு ஆசைப்பட்டு எவரும் போதையிடம் சென்றதில்லை. இனிமையைக் கண்டே சென்றனர். அதை மறைக்காதது கோல்டினின் நேர்மை. ஆயினும் துண்டுகளின் பகட்டில் அவர் சற்று மிகுதியாகவே தங்கிவிட்டார்.

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2021 டிசம்பரில் சாக்லர் பெயரைத் தன் காட்சிக்கூடங்களினின்று அகற்றுவதாக அறிவித்தது. குப்பிகள் எறியப்பட்டு அப்போது மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.