கருத்தா இல்லாத வாக்கியம்: ஓர் ஆதரவுத் துண்டறிக்கையை மறுபடி வாசித்தல்

ஓர் ஒப்புதலோடு தொடங்குவது நல்லது. 2019 அக்டோபர் கடைசியில் தமிழக அரசு மருத்துவர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இருந்தபோது, மரக்காணம் பக்கம் விநியோகிக்கப்பட்ட ஆதரவுத் துண்டறிக்கை ஒன்றை எழுதியவன் நான். உப்பளத் தொழிலாளர்களும் கட்டிடத் தொழிலாளர்களும் இருந்த சங்கம் அது. ‘எம்.ஏ. தமிழ் படிச்சவரு, நாலு வரி எழுதிக் குடுங்க தோழர்’ என்றார்கள். அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த வேகம்தான் இப்போது உறுத்துகிறது. அரைமணி நேரத்தில் எழுத முடிந்ததென்றால், எழுதியது நானல்ல, ஏற்கெனவே இருந்த ஒரு வாய்பாடு என்றுதானே பொருள்?

கவிதையையும் நாவலையும் கட்டுடைத்துக்கொண்டிருக்கும் நாம், நம் கையாலேயே எழுதித் தரும் துண்டறிக்கைகளைப் பிரதியாகக் கருதுவதில்லை. கருதினால் என்ன தெரிகிறது?

என் துண்டறிக்கையில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன: ‘உயிர்காக்கும் மருத்துவர்கள்’, ‘அரசின் பாராமுகம்’, ‘பொதுமக்கள்’. முதலிரண்டும் எழுவாயாக நின்று வினை செய்தன. மருத்துவர்கள் போராடினார்கள், அரசு மறுத்தது. மூன்றாவது மட்டும் ‘பொதுமக்கள் பாதிக்கப்படுவதைத் தவிர்க்க’ என்று செயப்பாட்டு வினையில் வந்துபோனது. யாரால் பாதிக்கப்படுவது? கருத்தா இல்லை. இலக்கண வகுப்பில் இதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள். அரசியலில் இது பிழை. அந்தப் ‘பொதுமக்கள்’ வேறு யாருமல்ல. துண்டறிக்கையின் அடியில் பெயர் போட்டிருந்த அதே சங்கத்தின் உறுப்பினர்கள்தான்.

எங்கள் பெரியம்மா முப்பது வருடத்துக்கும் மேல் உப்பளத்தில் வேலை செய்தவர். பாத்தி மிதிப்பதிலிருந்து உப்பு சுமப்பது வரைக்கும் எல்லாம் செய்தவர். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி, புண் ஆறாமல் கிடக்கும். எம்.ஏ.வில் நெய்தல் திணையும் உமணரும் எனக்குப் பாடம். உப்பு விளைவித்தவரின் பாதம் பாடத்தில் இல்லை. ஐப்பசி மழையில் அளத்தில் வேலை இருக்காது, கூலியும் இருக்காது. அந்த நாட்களில்தான் உடம்பைப் பார்க்க நேரம் கிடைக்கும். அப்படிப் பஸ் ஏறிப் போனவரை, புறநோயாளிப் பிரிவு இல்லை என்று ஓர் அரசு மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் துண்டறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன். 

‘இன்னாடா இது, நாங்க வேலைய நிறுத்துனா மொதலாளிக்கு உப்பு வராது. இவுங்க நிறுத்துனா யாருக்கு இன்னா வராது? கவர்மெண்ட்டுக்கா கால்ல புண்ணு?’

என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை நான் வாசித்த தொழிற்சங்கக் கட்டுரை எதிலும் இந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாகப் பார்த்ததில்லை. ஆலை நின்றால் முதலாளியின் லாபம் நிற்கிறது. அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு நின்றால் அரசுக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. வசதி உள்ளவன் தனியார் மருத்துவமனைக்குப் போகிறான். அழுத்தம் முழுவதும் ஏழையின் உடம்பு வழியாகத்தான் கோட்டைக்குப் போய்ச்சேர வேண்டியிருக்கிறது. அவசர சிகிச்சையை மருத்துவர்கள் நிறுத்தவில்லை என்பது உண்மை. அது அவர்களுடைய பொறுப்புணர்வுக்குச் சான்று. ஆனால் ஆறாத புண் அவசரத்தில் சேராது.

அப்படியானால் ஆதரித்தது தவறா? அதுவும் இல்லை. மருத்துவர் போராட்டம் என்றாலே தொழிலாளி பக்கம் என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாதுதான். 1962இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தது, எல்லோருக்குமான அரசு மருத்துவக் காப்பீட்டை எதிர்த்து. 2016இல் இங்கிலாந்தின் இளநிலை மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்ததோ, பொது மருத்துவச் சேவைக்குள் தங்கள்மீது திணிக்கப்பட்ட பணி ஒப்பந்தத்தை எதிர்த்து. இரண்டுக்கும் பெயர் ஒன்று, திசை வேறு. ஆக, கேட்க வேண்டியது ‘மருத்துவர் பாட்டாளியா, குட்டி பூர்ஷ்வாவா’ என்பதல்ல. ‘இந்தக் கோரிக்கை பொது மருத்துவமனையை எந்தப் பக்கம் நகர்த்துகிறது’ என்பதே.

2019இன் கோரிக்கைகளை அப்படி வாசித்துப் பார்ப்போம். ஒன்று, 2009ஆம் ஆண்டின் அரசாணை 354ஐ ஒட்டி, மத்திய அரசு மருத்துவர்களுக்கு இணையான காலமுறை ஊதிய உயர்வு. நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் எங்கள் கடற்கரையில் கொஞ்சம் மோசமாக நோய் வந்தால் ஒன்று புதுவை ஜிப்மர், இல்லையென்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முன்னது மத்திய அரசுடையது, பின்னது மாநில அரசுடையது. நோயாளி ஒருவரே, புண் ஒன்றே, மருத்துவருக்குச் சம்பளம் இரண்டு. 

இரண்டு, அரசுப்பணியில் இருப்பவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் 50 சதவீத இடம். தமிழ்நாட்டில் இருந்துவந்த இந்த ஏற்பாடு 2017இல் பறிபோனது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த மருத்துவர் மேற்படிப்பு முடித்து அரசு மருத்துவமனைக்கே நிபுணராகத் திரும்பி வருவதற்கான வழி அது. அது அடைபட்டால் வட்ட மருத்துவமனையில் எலும்புக்கும் பிரசவத்துக்கும் யார் வருவார்கள்? (மாநிலங்கள் இந்த ஒதுக்கீட்டைத் தரலாம் என 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.) 

மூன்று, நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப மருத்துவர் பணியிடங்கள். இது பெரியம்மாவின் கோரிக்கை. மருத்துவர்கள் அவருக்காகவும் கேட்டிருக்கிறார்கள். அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது என் துண்டறிக்கை. நானோ ‘நியாயமான கோரிக்கைகள்’ என்று இரண்டே சொல்லில் மூன்றையும் புதைத்துவிட்டேன்.

இன்னொன்றும் விடுபட்டது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் மாதம் 7,700 ரூபாய் ஊதியத்தில் இருந்த ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக நான் ஒரு வரியும் எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை. மருத்துவமனையைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் என் பிரதியில் இல்லை. ‘உயிர்காக்கும்’ என்ற அடைமொழி வெள்ளைக் கோட்டுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆதரவிலும் படிநிலை இருக்கிறது தோழர்களே. சாதிச் சமூகத்தில் அது எங்கிருந்து வருகிறதென்று நமக்குத் தெரியாதா?

2003 ஜூலையை நினைத்துப் பாருங்கள். வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். சி.ஐ.டி.யு. தலைவர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்றது உச்சநீதிமன்றம். அன்றைக்கு டீக்கடைகளில் ‘நல்லா வேணும்’ என்ற குரலைக் கேட்டவர்கள் நாம். அது அதிகாரத்தின் குரல் மட்டுமல்ல. அலுவலக வாசலில் பல வருடம் காக்கவைக்கப்பட்டவனின் குரலும்தான். அதை ‘விழிப்புணர்வின்மை’ என்று ஒதுக்கியதுதான் தொழிற்சங்கத்தின் தோல்வி. ஊழியரின் உரிமையும் காத்திருப்பவனின் உரிமையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் வராதவரை, அரசு ஒன்றைக் காட்டி மற்றதை அடிக்கும்.

2019லும் அடித்தது. பணியிடம் காலி என்று அறிவிப்போம் என்ற மிரட்டலுக்குப் பின் நவம்பர் 1 அன்று வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம்தான் அதை ரத்து செய்தது. இடைப்பட்ட மாதங்களில் நாங்கள் துண்டறிக்கை போட்டோமா? இல்லை. போராட்டம் முடிந்ததும் ஆதரவும் முடிந்துவிட்டது. 2021இல் ஆட்சி மாறியது. அதே அரசாணைக்காக மருத்துவர்கள் மறுபடியும் தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களை மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, பொது மருத்துவமனை என்றால் என்ன என்று இந்தக் கடற்கரைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது எங்களுடையது. மருத்துவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். நாங்கள் அங்கே பிழைக்கிறோம் அல்லது சாகிறோம். ஆதரவு என்பது வெளியிலிருந்து வீசும் கை அல்ல. புறநோயாளிப் பிரிவு மூடிய நாளில் சங்கத்தார் நாலு பேர் மருத்துவமனை வாசலில் நின்று, வந்தவர்களுக்குக் கோரிக்கையை விளக்கி, தாங்க முடியாதவர்களை உள்ளே அழைத்துப் போய்க் காட்ட ஏற்பாடு செய்து, ‘எங்கள் கோரிக்கையையும் சேர்’ என்று மருத்துவர்களிடம் சண்டையும் போட்டிருக்க வேண்டும். அதைச் செய்ய அரைமணி நேரம் போதாது.

அடுத்த முறை எழுதக் கேட்டால், முதலில் பெரியம்மாவிடம் படித்துக்காட்டிவிட்டுத்தான் அச்சுக்குத் தருவேன். ‘நாங்கள்’ என்ற எழுவாயில் தொடங்குவேன். அவர் ‘இது சரிடா’ என்பாரா, தெரியாது. புண் இன்னும் முழுதாக ஆறவில்லை.