செப்புத்தகட்டில் அதிகாரம்: ரோபேர் நாந்தேயின் உருவப்பொறிப்புகள்

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் செப்புத்தகட்டில் பொறித்து அச்சிடப்பெற்ற பிரபுக்களின் உருவப்படங்களை அவர்தம் தனித்தன்மையின் பதிவுகளாகக் கொள்வது பெருவழக்கு. ரோபேர் நாந்தேய் (1623–1678) பொறித்த இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் இக்கருத்துக்கு அரண் செய்வன போலவே தோன்றும். குறுங்கோடுகளாலும் புள்ளிகளாலும் முகத்தின் தசையை அவர் உருவாக்கும் நுட்பம் அத்தகையது. ஆயினும், அதிகாரத்தைச் சொல்வது பெரும்பாலும் முகத்தைச் சூழ்ந்த சட்டகமே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அமைச்சர், ஆயர், நீதிபதி என எவராயினும் பெரும்பான்மையும் ஒரே நீள்வட்டத்துள் மார்பளவாக நிறுத்தப்படுகின்றனர். பெயரும் பதவியும் எழுத்தில் அமைகின்றன. குலச்சின்னம் கீழே இடம்பெறுகிறது. முகம் ஒன்றே மாறுகிறது. நீள்வட்டம் ஓர் இருக்கை போன்றது. அமர்பவர் மாறினும் இருக்கை மாறுவதில்லை. அரசவையின் ஒழுங்கும் இத்தகையதே அன்றோ?

இப்படங்கள் அனைத்தும் பிரபுக்களே தம்மைப் பரப்பச் செய்துகொண்ட ஏற்பாடு என்பதும் முழுமையன்று. கல்லூரி மாணவர் தம் ஆய்வுரைத் தாளின் தலைப்பில் புரவலரின் உருவத்தைப் பொறிப்பித்து அவருக்கே காணிக்கையாக்கும் வழக்கம் அன்று இருந்தது. அங்கே அதிகாரத்தைப் பறைசாற்றுவோர் அதனை நாடி நிற்போரே. அரசும் இக்கலையின் பயனை உணர்ந்தே இருந்தது. 1658இல் நாந்தேய் அரசரின் பொறிப்போவியராக அமர்த்தப்பெற்றார். 1660ஆம் ஆண்டு அரசாணை பொறிப்புக்கலையைத் தொழிற்குழுக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சுதந்திரக் கலையாக அறிவித்தது.

இவற்றுள் நிதி மேலாளர் நிக்கொலா ஃபூக்கேயின் படம் தனித்து ஆராயத்தக்கது. அதன் ஆண்டு 1661. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் நாந்த் நகரில் அரசாணையால் அவர் கைது செய்யப்பட்டார். அவரது வீழ்ச்சிக்குப் பெரிதும் உழைத்த கொல்பேரையும் நாந்தேயே பொறித்துள்ளார், அதுவும் ஒருமுறையன்று. வென்றவருக்கும் வீழ்ந்தவருக்கும் ஒரே கை, ஒரே உளி. பதவியைப் பறிக்க ஓர் ஆணை போதும். பல கைகளுக்குச் சென்றுவிட்ட அச்சுப்படிகளைத் திரும்பப் பெறுதல் அத்துணை எளிதன்று. 1680இல் பிஞ்ஞெரோல் கோட்டைச் சிறையில் ஃபூக்கே மறைந்தார். தாளில் அவர் 1661க்குரியவராகவே இருக்கிறார்: மெய்யுருவை நேரிற்கண்டு வரைந்த நாந்தேயின் கை, வரவிருந்ததை அறியாமலே பொறித்த முகத்துடன்.