மறுத்தலும் ஒரு மதமா?

‘நாத்திகமும் ஒரு மதம்தானே?’ என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. கேட்டவுடன் ஒரு சிரிப்பு வரும், அத்தோடு விவாதம் முடிந்துபோகும். ஆத்திகர்கள் மட்டும்தான் இதைக் கேட்கிறார்கள் என்றும் இல்லை. ‘பகுத்தறிவும் ஒரு பெருங்கதையாடல்தான், கடவுள் இருந்த பீடத்தில் அறிவை உட்காரவைத்தீர்கள், அவ்வளவுதான்’ என்று நம்முடைய கோட்பாட்டு நண்பர்களும் சொல்கிறார்கள். இந்த இரண்டு தரப்பும் எப்படி ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன என்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். நான் இங்கே பார்க்க விரும்புவது வேறு. இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ பதில் சொல்வதால் யாருக்கு என்ன கிடைக்கிறது, யாருக்கு என்ன போகிறது?

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். ‘நாத்திகன்’ என்பது மறுப்பவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரல்ல. மனு தர்மத்தில் வேதத்தை நிந்திப்பவன்தான் நாஸ்திகன். கடவுள் அங்கே அளவுகோலே இல்லை. படைத்த கடவுள் என ஒருவரை வேண்டாத சாங்கியமும் பூர்வ மீமாம்சையும் ஆஸ்திக வரிசையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. பௌத்தமும் சமணமும் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. ஆக, இந்தச் சொல் பிறந்தபோது குறித்தது நம்பிக்கையை அல்ல, ஓர் அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதையும் கட்டுப்படாததையும்தான்.

‘மதம்’ என்கிற சொல்லின் கதை இன்னும் சுவையானது. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் எல்லோரும் நன்னூல் பாயிரத்தைத் தாண்டித்தான் வந்திருப்போம். நூல் செய்கிறவன் கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்கிறார் பவணந்தி. அங்கே மதம் என்றால் கொள்கை, நிலைப்பாடு. பிறர் சொன்னதை ஒத்துக்கொள்வது ஒரு மதம். பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைந்துவிடுவது இன்னொரு மதம். மறுத்தலும் ஒரு மதம். இதைச் சொன்னவர் ஒரு சமண முனிவர் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தப் பொருளில் யாராவது நாத்திகத்தை மதம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இன்றைக்கு அந்தப் பொருளில் யாரும் கேட்பதில்லை. மதம் என்பது வாதத்தில் எடுக்கும் நிலைப்பாடு என்பதிலிருந்து, பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு படிவத்தில் நிரப்பப்படும் அடையாளம் என்பதாக மாறிப்போன பிறகு கேட்கப்படும் கேள்வி இது.

நம்முடைய பிரதிகளில் மறுப்பவன் எங்கே வைக்கப்பட்டான்? வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயக்கணக்கராகக் கேட்டுக்கொண்டே வருகிறாள். அந்த வரிசையின் கடைசியில் பூதவாதி நிற்கிறான். பூவும் வெல்லமும் சேரும்போது மதுவில் வெறி உண்டாகிற மாதிரி, பூதங்களின் சேர்க்கையில் உணர்வு உண்டாகிறது என்கிறான் அவன். கண்ணால் கண்டதைத்தான் ஏற்பேன் என்பவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மடக்கிவிட்டு அவள் நகர்ந்துவிடுகிறாள். சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலோகாயதனை மறுப்பதில்தான் தொடங்குகிறது. பௌத்தர்களையும் சமணர்களையும் உலோகாயதனோடு சேர்த்து ‘புறப்புறச் சமயம்’ என்று ஒரே அறையில் அடைத்தது சைவ சித்தாந்தம். தன் பட்டியலில் பூதவாதிக்குக் கடைசி இடம் தந்த பௌத்தம், இன்னொருவர் பட்டியலில் அவனோடு ஒரே திண்ணையில் உட்கார வேண்டியதாயிற்று. பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எது சமயம் என்று முடிவு செய்கிறார்.

உலோகாயதன் தன் வாயால் பேசிய தமிழ் நூல் எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. அவனை மறுத்தவர்கள் எழுதிவைத்ததிலிருந்துதான் அவனை நாம் கேட்கிறோம். அச்சு வந்த பிறகு நிலைமை மாறுகிறது. 1882 முதல் 1888 வரை சென்னையிலிருந்து வந்த ‘தத்துவ விவேசினி’ இதழின் பின்னால் இருந்தவர்கள் தங்களை லௌகிக சங்கத்தார் என்று சொல்லிக்கொண்டார்கள். எதிரி வைத்த பெயரை விட்டுவிட்டு, ‘இந்த உலகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்’ என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டார்கள். அந்தப் பெயர் நிலைக்காமல் போனது ஒரு நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

பிரதிகள் செய்த வேலையை இன்றைக்கு அரசு செய்கிறது. 1928-இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் சுயமரியாதைத் திருமணத்தின் சட்ட வரலாற்றைப் பாருங்கள். சாத்திரச் சடங்கும் இல்லை, நிலைபெற்ற வழக்கமும் இல்லை, ஆகவே இது செல்லாது என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 1967-இல் அண்ணா அரசு சட்டம் கொண்டுவந்து அதைச் செல்லும்படி ஆக்கியது. பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் எந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள்? இந்து திருமணச் சட்டத்தை. அதில் சேர்ந்த 7-ஏ பிரிவு ‘இரண்டு இந்துக்களுக்கு இடையிலான’ திருமணத்தைப் பற்றித்தான் பேசுகிறது. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எவரையும் உள்ளே இழுத்துக்கொள்வது அந்தச் சட்டத்தின் இயல்பு. ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், நெருப்பு வேண்டாம் என்று மாலை மாற்றிக்கொள்பவர்கள் சட்டத்தின் கணக்கில் இந்துக்களாகத்தான் மாற்றிக்கொள்கிறார்கள்.

கணக்கெடுப்பிலும் இதே கதைதான். 2011-இல் நாடு முழுவதும் சுமார் 33,000 பேர் தங்களை நாத்திகர் என்று பதிந்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1,300 பேர். அவர்களை ‘பிற மதங்களும் கொள்கைகளும்’ என்கிற தலைப்பின் கீழ்தான் வைத்தார்கள். மதம் வேண்டாம் என்றவனுக்கும் மதப் பட்டியலில்தான் ஒரு வரி ஒதுக்கினார்கள். புறப்புறச் சமயம் என்பதற்கு இதைவிட நல்ல நவீன உரை கிடைக்காது.

‘கடவுள் இல்லை என்பதால் அது மதமாக முடியாது’ என்று நம் தோழர்கள் சொல்லும் பதில் சட்டத்தின் முன்னால் நிற்காது. 1954-இல் சிரூர் மடம் வழக்கில், கடவுளை ஏற்காத பௌத்தமும் சமணமும் மதங்களே என்று உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டிவிட்டது. அம்பேத்கர் 1956-இல் தேர்ந்தெடுத்ததும் கடவுள் இல்லாத மதத்தைத்தான். ஆக, கடவுளை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. வேறு எதை வைத்துத் தீர்ப்பது?

நான் குடியிருக்கும் விளாங்குடி, திண்டுக்கல் சாலையில், 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர். இங்கே டீக்கடையில் அடிக்கடி கேட்கிற வசனம் இது: “ஏன் தம்பி, நாங்க கல்லுக்கு மால போடுறோம், நீங்க செலைக்கு மால போடுறீங்க. இதுல என்ன பெரிய வித்தியாசம்?” கேட்பவர் கிண்டலுக்குத்தான் கேட்கிறார். ஆனால் கேள்வி நேர்மையானது. பிறந்தநாள், நினைவுநாள், படத்திறப்பு, உறுதிமொழி என்று நம்மிடமும் ஒரு சடங்கு வரிசை உண்டாகியிருப்பது உண்மை. என் பதில் இதுதான்: அந்தச் சிலைக்குக் கருவறை கிடையாது. ஏணி வைத்து ஏறி மாலை போட எந்தத் தெருவிலிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. யார் தொட்டாலும் தீட்டு இல்லை, தீட்டுக்கழிப்பும் இல்லை. சடங்கு இருப்பதால் மட்டும் ஒன்று மதமாகிவிடாது. அந்தச் சடங்குக்கு யார் உள்ளே, யார் வெளியே என்று பிறப்பு தீர்மானிக்கிறதா என்பதுதான் இந்த மண்ணில் நாம் வைக்க வேண்டிய அளவுகோல்.

அந்த அளவுகோலை நம் மீதே வைத்துப் பார்க்கலாம். இங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. மதுரைப் பக்கத்துச் சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். பிள்ளையார் சுழி இருக்காது, ராகுகாலத்தில்கூட நேரம் குறித்திருப்பார்கள். ஆனால் இரண்டு வீட்டாரும் பெரும்பாலும் ஒரே சாதி. “அய்யரத்தான வேண்டாம்னோம், சொந்தத்த வேண்டாம்னா சொன்னோம்?” என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். கருஞ்சட்டைக்காரர் வீட்டுச் சாவில் கொள்ளிக்குடம் உடைப்பதில்லை, பதினாறாம் நாள் படத்திறப்புதான். ஆனால் மயானத்தில் வேலை பார்க்கிறவர் அங்கேயும் அதே தெருவிலிருந்துதான் வருகிறார், அதே ஏகவசனத்தில்தான் கூப்பிடப்படுகிறார். கடவுள் போய்விட்டார், சாதி அப்படியே நிற்கிறது. மதத்தின் உயிர்நிலை நம்பிக்கையில் அல்ல, மண உறவிலும் தீட்டிலும் இருக்கிற ஒரு நாட்டில், நம்பிக்கையை மட்டும் கழற்றிப் போட்டவர் எந்த மதத்தை விட்டு வெளியேறினார்? அப்பனிடமிருந்து மகனுக்குச் சொத்தோடு சேர்ந்து இறங்கும் நாத்திகம் ஒரு மதம்தான். இன்னும் சரியாகச் சொன்னால், இந்து மதத்துக்குள் இன்னொரு உட்பிரிவு.

‘எல்லாமே கதையாடல்தான்’ என்கிற நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் மதம் என்று சமன்படுத்திவிட்டால் எந்த மதம் யாரை மிதிக்கிறது என்பது கண்ணிலிருந்து மறைந்துபோகும். பீடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதோடு, பீடத்தை யார் முதுகில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா?

இந்தக் கேள்வி யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறது என்பதற்கு ஓர் ஆவணம் போதும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்து மதத்திலிருந்து வேறுபட்ட மதத்தைக் கடைப்பிடிப்பவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956-இல் சீக்கியமும் 1990-இல் பௌத்தமும் விலக்கில் சேர்ந்தன. கிறிஸ்தவரான தலித்தும் முஸ்லிமான தலித்தும் இன்றுவரை வெளியேதான். இப்போது ஒரு தலித் நாத்திகரை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தெண்ணிப் படித்தால், நாத்திகம் மதம் அல்ல என்றால் அவர் ‘வேறு மதத்தை’க் கடைப்பிடிக்கவில்லை, அவர் உரிமை நிற்கிறது. நாத்திகமும் ஒரு மதம்தான் என்று ஒத்துக்கொண்டால் அவர் கையிலிருக்கும் சான்றிதழே கேள்விக்குள்ளாகிறது. 2011 கணக்கெடுப்பு முறையில் இந்து, சீக்கியர், பௌத்தர் என்று எழுதியவர்களை மட்டும்தான் பட்டியல் சாதியாகப் பதிந்தார்கள். பிற சாதிக்காரருக்கு ‘மதமில்லை’ என்று எழுதுவது ஒரு கௌரவம். அதற்காக அவர் நிலத்தில் ஒரு சென்ட் குறைவதில்லை. தலித்துக்கு அதே இரண்டு சொல் பிள்ளையின் கல்லூரிச் சீட்டு. டீக்கடைக் கிண்டலுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, மறுத்தல் எப்போது மதமாகாமல் தப்பிக்கிறது? என் பார்வையில் இதற்கு நல்ல உதாரணம் அர்ச்சகர் பிரச்சினை. கடவுளே இல்லை என்றவர்கள் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்று ஏன் போராட வேண்டும்? 1970-இல் பெரியார் கிளர்ச்சி அறிவித்ததும், அடுத்த ஆண்டு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் திருத்தம் நடைமுறைக்கு வந்ததும், 1972-இல் சேஷம்மாள் வழக்கில் திருத்தத்தை ஏற்ற உச்சநீதிமன்றம் ஆகமத்துக்கு வழிவிட்டு நின்றதும் நாம் அறிந்தவை. பயிற்சி பெற்ற பிராமணரல்லாத அர்ச்சகர் ஒருவர் 2018-இல் முதன்முதலாக நியமிக்கப்பட்டது இதே மதுரையில், தல்லாகுளம் அய்யப்பன் கோயிலில். 2021 ஆகஸ்டில் மேலும் பலர் நியமிக்கப்பட்டார்கள். ஒரு மதம் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளும், தன் ஆட்களைக் கூட்டும். தான் நம்பாத சாமியின் கருவறைக்குள் இன்னொருவன் போக வேண்டும் என்று ஐம்பது ஆண்டுகள் மல்லுக்கட்ட எந்த மதத்துக்கும் தேவை இல்லை. இங்கே நாத்திகம் எதிர்த்தது சிலையை அல்ல, கதவை.

சிலைகளின் பீடத்திலுள்ள கடவுள் மறுப்பு வாசகத்தை எதிர்த்த வழக்கை 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, கடவுள் உண்டு என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு இருப்பது போலவே அதை மறுக்கும் உரிமை மற்றவருக்கு இருக்கிறது என்றது. அதைக் கருத்துரிமையின் கீழ்தான் வைத்துப் பார்த்தது, மத உரிமையின் கீழ் அல்ல. நன்னூல் சொன்ன மறுத்தல் இதுதான்: வாதத்தில் ஒரு நிலைப்பாடு. அதைப் பிறப்பால் பெற முடியாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் எடுத்தாக வேண்டும்.

2027 கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியும் பதியப்படும் என்று 2025-இல் ஒன்றிய அரசு அறிவித்தது. மதக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தோழர்கள் இப்போதே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ‘மதமில்லை’ என்று எழுதும்படி எல்லோருக்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கட்டத்தை நிரப்பும் விலை எல்லாத் தெருவிலும் ஒன்றல்ல. 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கு என்பதை முதல் கோரிக்கையாக வைக்காத நாத்திகர் அமைப்பு, மதக் கட்டத்தைப் பற்றி ஒரு தலித்துக்கு அறிவுரை சொல்லும் தகுதியை இன்னும் பெறவில்லை.